வளையத்துக்குள் போகாத விரல்

சாம்பியன் ரீப்ஸ்
14 ஜூலை 2024

அன்புள்ள வின்னி,

இங்கே அம்மா சுகம், நான் சுகம். தண்ணீர் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் சுகம். உன் தொண்டைக்கட்டு மலைக்குளிரில் இன்னும் மோசமாகியிருக்குமோ என்று அம்மா கவலைப்படுகிறாள். மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொன்னாள். மடத்துச் சமையலறையில் மிளகு கேட்டால் கொடுப்பார்களா?

சிஸ்டராகப் பயிற்சி எடுக்கும் நவதுறவகத்தில் ஒரு வருடம் உனக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றதும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அவ்வளவு இல்லை. போனில் நான் எதையும் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. எழுதும்போது உட்கார்ந்து யோசிக்க முடிகிறது. தபால் ஆபீஸில் உறை வாங்கப் போனேன். கவுண்ட்டரில் இருந்த நாகேஷ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, யாருக்கு வக்கீல் நோட்டீசு?" என்றான். என் வயதில் வேறு யாரும் அங்கே கடித உறை வாங்குவதில்லையாம்.

வேலை அப்படியேதான். காலை ரயில், பெங்களூர், கல்யாண ஆல்பம். கம்ப்யூட்டரில் மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி ரோஜா இதழ் தூவுவதற்கு எனக்குச் சம்பளம். ரயிலில் போகவர நான் படிக்கும் புத்தகங்கள்தான் என்னை மனுஷியாக வைத்திருக்கின்றன.

ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பெங்களூரில் ராதிகா என்று ஒருவர் சின்னப் படக்கூடம் நடத்துகிறார். இசைக்காரர்களின் உருவப்படங்களை வைத்து மார்ச் மாதம் ஒரு கண்காட்சி. எழுதிப்போட்டேன், என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். யாரை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. நம் சாம்பியன் பாண்டுதான். ஆறு பேரையும் ஒத்திகை அறையில் உட்காரவைத்து எடுத்து முடித்துவிட்டேன்.

முகத்தை மட்டும் எடுத்தால் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஆல்பம் வேலையில் நாங்கள் செய்யும் ஒன்று உண்டு. ஒரு சுவரையோ துணியையோ கிட்டத்தில் தனியாகப் படம் எடுத்து, அதை முகத்தின் படத்துக்கு மேல் ஒரு மெல்லிய படலமாக விரிப்போம். டெக்ஸ்சர் என்று பெயர். அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சுவர் மறைந்துபோய், அதன் சொரசொரப்பு மட்டும் தோலில் தங்கும். கண்ணில் மட்டும் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் குருடாகிவிடுவார். கம்பெனியில் இதற்குப் பட்டுப்புடவை வைப்போம். நான் நம் தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்குப் போனேன். மழைக்குப் பிறகு வெயில் ஏறினால் அந்த மண் எப்படி வெடிக்கும் என்று உனக்குத் தெரியுமே, அதை எடுத்து வந்தேன். ஏனோக் அண்ணன் முகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வின்னி, நம் ஊரே அவர் முகத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி.

உங்கள் மதர் என் கடிதங்களைப் படிப்பார் என்றாயே. அவருக்கும் என் வணக்கம்.

பியூலா


ஏற்காடு
4 ஆகஸ்ட் 2024

அன்பு பியூலாவுக்கு,

இயேசுவின் பெயரால் வாழ்த்து. மிளகு கேட்டேன், கொடுத்தார்கள். தொண்டை தேவலை. அத்தையின் வைத்தியம் மலை ஏறியும் பலிக்கிறது என்று சொல். அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே விடியும் முன் மணி அடிக்கும். சிற்றாலயம், தோட்டம், பாடம், பாத்திரம். எனக்குக் காப்பிச்செடிப் பக்கம் வேலை. மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்து எடுக்காவிட்டால் குருடாகிவிடுவார் என்ற இடத்தில் சிரித்ததாகச் சொன்னார்.

சின்னசாமி அண்ணன் பெரிய டிரம்மை இன்னும் தூக்கிக்கொண்டு நடக்கிறாரா? ஏனோக் அண்ணனின் கிளாரினெட்டுக்குப் புது ரீட் கிடைத்ததா? திலீப் சைட் டிரம்மில் அவசரப்படுவதை நிறுத்திவிட்டானா? அடுத்த மாதம் ஆரோக்கிய மாதா தேருக்கு யார் யார் வருகிறார்கள்? எல்லாவற்றையும் எழுது.

அடுத்த வருடம் மே 31, எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற உறுதிமொழி. வீட்டார் வரலாம். நீயும் அத்தையும் வருவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா எப்படியும் வருவாள்.

சயனைட் மண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். நீ சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். அவர்களிடம் காட்டினாயா?

செபத்தில் உன் நினைவோடு,
வின்னி


சாம்பியன் ரீப்ஸ்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள வின்னி,

அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, ஆனால் நீ விசாரித்தாய் என்றதும் அரை நாள் குறைந்திருந்தது. தேர் நன்றாக நடந்தது. ஒரே ஒரு டிரம்பெட். சனங்கள் இன்னும் இரண்டாவது டிரம்பெட் எங்கே என்று தேடுகிறார்கள். பவனியில் ஊதிக்கொண்டு நடந்த முதல் பெண் நீ, உன்னை இந்த ஊர் அவ்வளவு சுலபத்தில் மறக்காது.

படங்களைக் காட்டினேன். உன் கேள்வி சரியான கேள்வியாகப் போய்விட்டது.

ஒத்திகை முடிந்து டீ வந்த நேரம். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சின்னசாமி அண்ணன்தான் முதலில் பேசினார்.

"இன்னாம்மா, நாங்க இன்னும் சாவலயே. அதுக்குள்ள மண்ண போட்டுட்ட."

திலீப் சிரித்தான். ஏனோக் அண்ணன் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்து, ஐம்பது தாண்டுவதற்குள் மூச்சுக்குத் தவித்துப் போனவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் மூளையில் அது வேறு அறையில் இருந்திருக்கிறது. அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"எங்க அப்பா நெஞ்சுல இருந்த மண்ணு இது. அத எடுத்தாந்து என் மேல வெச்சிக்கீற. நான் ஊதறவன்மா. எனக்கு நெஞ்சு சுத்தமா இருக்கணும்."

எல்லாரும் டீயைக் குடித்தார்கள். ஆல்பம் கம்பெனிக்காரியான நான் ஒரு முகத்தின் மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பழகிவிட்டேன். அந்த முகத்துக்காரருக்கு அது கனக்குமா என்று யோசித்ததில்லை.

ராதிகா மேடத்திடம் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். மண் இருந்தால்தான் அது கே.ஜி.எஃப், மண் இல்லாவிட்டால் எந்த ஊர் பாண்டாகவும் இருக்கலாமே என்றார். மண் இல்லாமல் புதிதாகச் செய்து தருகிறேன், பிடிக்காவிட்டால் என்னை விட்டுவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

இனி நீ கேட்காததற்கு வருகிறேன். பாண்டில் ஒவ்வொருவர் பெயராக எழுதி விசாரித்திருந்தாய். பாண்டு மாஸ்டர் பெயரை மட்டும் காணோம். உனக்காக நானே எழுதுகிறேன். ஃப்ரெடி மாமா சுகமாக இருக்கிறார். மண் பூசிய தன் படத்தைப் பார்த்தார், டிரம்பெட்டின் ஊதுவாயைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உன்னைப் பற்றி அவரிடம் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. மே மாதம் வருவாரா என்று உன் அம்மா பிலோ அத்தை ஒரு தடவை கேட்டாளாம். சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவ எழுந்து போனாராம். உன் அப்பா தட்டு கழுவி நீ பார்த்திருக்கிறாயா?

பியூலா


ஏற்காடு
13 அக்டோபர் 2024

அன்பு பியூலாவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. இங்கே மூன்று நாளாக மூடுபனி. உங்கள் எல்லாருடைய உடம்புக்கும் செபிக்கிறேன், முக்கியமாக அத்தையின் முழங்காலுக்கு.

ராதிகா மேடத்திடம் நீ சொன்னது சரி. பயந்ததும் சரி.

அப்பாவைப் பற்றிக் கேட்காமல் விட்டது மறதியில்லை. நான் கிளம்பிய வாரமே, என் டிரம்பெட்டை விற்றுவிட்டதாக அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் கையோடு வைத்திருந்தால் அதை அவர் விற்றிருக்க முடியாது, விட்டுவிட்டு வந்தது நான்தானே என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு பூசைக்கு ஒரு நாள் தவறாதவர், மகளைக் கடவுள் கேட்டார் என்றதும் கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருடைய டிரம்பெட் மட்டும் இன்னும் கோவிலில் ஊதுகிறது, இல்லையா? அதுவே போதும்.

பாடற்குழுவில் நிற்கும்போது என் விரல்கள் பாட்டுப் புத்தகத்தின் முதுகில் டிரம்பெட் வால்வுகளை அழுத்துகின்றன. பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் அதை செபமாலை என்று நினைக்கிறார்.

வின்னி


சாம்பியன் ரீப்ஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள வின்னி,

குளிர் தொடங்கிவிட்டது, அம்மா இரண்டு ஸ்வெட்டர் போடுகிறாள். உனக்கும் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறாள். கறுப்பா சாம்பலா, எந்த நிறம் அங்கே அனுமதி என்று எழுது.

கிடைத்துவிட்டது, வின்னி. எதை வைப்பது என்று தெரிந்துவிட்டது.

போன மாதம் ஒத்திகையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சின்னசாமி அண்ணன் பெரிய டிரம்மின் தோலை மாற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய பழைய தோலை என் பக்கம் சாய்த்து வைத்தார். நடுவில் அடி விழுந்து விழுந்து கறுத்து, ஓரத்துக்குப் போகப்போக வெளுத்து, ஒரு பெரிய நிலவு மாதிரி இருந்தது. அவர் வாழ்நாளில் அடித்த கல்யாணமும் சாவும் தேரும் எல்லாம் அதில் இருந்தன. ஊரை எங்கேயோ மேட்டில் போய்த் தேடினேனே, அவர்களுடைய கையே ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது.

கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். இப்போது கேட்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் கருவியின் தேய்மானம். ஏனோக் அண்ணனுக்கு அவர் கிளாரினெட்டின் கறுப்பு மரம், கட்டைவிரல் பட்டுப் பட்டு மழுங்கிய இடம். அதை அவர் முகத்தின் மேல் மெல்ல இறக்கினேன். நெற்றியில் மரத்தின் ரேகை ஓடுகிறது. காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். "இது நான்தான்மா" என்றார். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக மாமா. போன வாரம் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமா பங்காரப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தார். பிலோ அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஃபிளானல் துணி சுற்றிய டிரம்பெட்டை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுத்தேன். பித்தளையின் பூச்சு கை பட்ட இடமெல்லாம் கரைந்து, உள்ளே வேறொரு பழுப்பு. மூன்றாவது வால்வுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தேய்மானம் இருக்கிறது பார், அதை மாமாவின் முகத்தின் மேல் வைத்தேன். கன்னத்தெலும்புக்குக் கீழே சரியாக வந்து அமர்ந்தது. ஆறு படத்தில் அதுதான் சிறந்தது. தேய்மானத்தின் படத்தை மட்டும் ஒரு சின்னப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மாமாவின் முகம் இல்லாமல் அனுப்புவது ஏன் என்று உனக்குத் தெரியும்.

ராதிகா மேடம் ஆறையும் பார்த்தார். மண்ணைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. பெரிய சுவரைக் கொடுத்திருக்கிறார்.

பியூலா


ஏற்காடு
19 ஜனவரி 2025

அன்பு பியூலாவுக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதம் உங்கள் வீட்டில் தங்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கடிதம் எழுதுவதில்லை, அதனால் தாமதம். ஸ்வெட்டர் சாம்பல் நிறம் போதும்.

பிரிண்ட் கிடைத்தது. அதை நான் வைத்துக்கொள்ளலாமா? மதரிடமும் கேட்டேன், செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள் என்றார்.

நீ அதை எடுத்த அன்று அப்பா பங்காரப்பேட்டைக்குத்தான் போயிருந்தாரா? கல்யாணத்துக்கா? நன்றாக ஞாபகமிருக்கிறதா?

வின்னி


சாம்பியன் ரீப்ஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வின்னி,

எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் உட்பட. ஸ்வெட்டரை இதோடு பார்சலாக அனுப்புகிறேன்.

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறாய், அதில் பாதி பங்காரப்பேட்டையைப் பற்றி. ஆமாம், கல்யாணத்துக்குத்தான். பாண்டே போயிருந்தது, ஊர்வலத்தில் மாமா ஊதியதைத் திலீப் போனில் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினான். ஏன் கேட்கிறாய்? பிரிண்ட் உனக்கேதான், வைத்துக்கொள்.

கண்காட்சி மார்ச் 16, ஞாயிறு. பாண்டு முழுக்க வருகிறது. மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார். தன் படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. மண் பூசியதற்குப் பிறகு எதையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், சுவரில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

தவக்காலம் தொடங்கினால் உன்னிடமிருந்து கடிதம் வராது என்று தெரியும். நான் எழுதுவேன்.

பியூலா


சாம்பியன் ரீப்ஸ்
18 மார்ச் 2025

அன்புள்ள வின்னி,

உன் உடம்பை விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துவிடு. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு நேராகச் சொல்கிறேன்.

ஆறு பேரும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் கால் தயங்கியது. வெள்ளைச் சுவர், அதில் ஆள் உயரத்துக்கு அவர்களே. சின்னசாமி அண்ணன் தன் படத்தின் முன்னால் நின்று, பிறகு நாலடி பின்னால் நகர்ந்து நின்று, "என் மூஞ்சியவிட என் டிரம்மு நல்லாக்கீது" என்று ராதிகா மேடத்திடம் சொன்னார். ஏனோக் அண்ணன் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வருகிறவர்கள் படத்தையும் பார்த்தார்கள், அவரையும் பார்த்தார்கள். அவர் ஒதுங்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றார், வின்னி.

மாமா தன் படத்தை எட்டத்திலிருந்து பார்த்தார். பிறகு கிட்டே போனார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கன்னத்தில் இருந்த பிறையின் அருகே விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இது என் கை இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். என் கையைப் பிடித்துத் தன் டிரம்பெட் பிடிக்கும் கை மாதிரி மடக்கிக் காட்டினார். பெரியவர்கள் மோதிர விரலை மூன்றாவது வால்வின் குழாயில் இருக்கும் வளையத்துக்குள் விட்டுப் பிடிப்பார்கள், அதனால் வால்வுக்குக் கீழே தேயாது. சின்னக் கையாக இருந்தபோது எட்டாமல் விரலைக் கீழே சுற்றிப் பிடித்து, வளர்ந்த பிறகும் அப்படியே பழகிய ஒருத்திதான் அந்த இடத்தைத் தேய்க்க முடியும்.

"வளையத்துல விரல விடுடின்னு எத்தினி வாட்டி சொல்லிருப்பேன். கேட்டாளா அவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண ஊர்வலத்துக்குப் போன பாண்டு மாஸ்டர் தன் டிரம்பெட்டை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டா போவார்? நீ ஜனவரியிலேயே கேட்டாய். உனக்கு அந்த பிரிண்டைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. நான்தான் கண் இருந்தும் குருடி.

"மாமா, வித்துட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். விக்கல."

படத்தை மாற்றிவிடுகிறேன், உங்கள் டிரம்பெட்டையே எடுத்து வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு அங்கிருந்த ஒற்றை நாற்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ராதிகா மேடம் என்னிடம் வந்து அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சுவரில் இருப்பது எல்லாருக்கும், இது எங்களுக்கு. ஆறு படங்களையும் அடுத்து மைசூரில் வைக்கப்போகிறார்கள். அதை மட்டும் பாண்டிடம் சத்தமாகச் சொன்னேன். திலீப் அங்கேயே நாற்காலி முதுகில் சைட் டிரம் மாதிரி ஒரு உருட்டு அடித்தான்.

வீட்டுக்கு வந்து பிலோ அத்தையைக் கேட்டேன், வேண்டுமென்றேதான் அதை எடுத்துக் கொடுத்தாயா என்று. "டிரம்பெட்டு கேட்ட, குடுத்தேன்" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சனிக்கிழமை தவறாமல் மாமா அதற்குப் பாலிஷ் போடுகிறாராம். அவள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே பெரிய கைகாரி.

ஒன்று விட்டுப்போயிற்று. திரும்பும் ரயிலில் மாமா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கி, எல்லாரும் பிரிந்த பிறகு, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டார்.

"மே மாசம் எத்தினாந்தேதி?"

பியூலா


சாம்பியன் ரீப்ஸ்
22 ஏப்ரல் 2025

அன்பு மகள் வின்னிஃபிரெட்டுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகம். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும்.

பெரிய வெள்ளியும் பாஸ்காவும் நல்லபடியாக முடிந்தது. சிலுவைப்பாதையில் திலீப் தாளத்தில் ஓடவில்லை, நடந்தான். இரண்டாவது டிரம்பெட் இல்லாமல் வாசிக்கப் பழகிக்கொண்டோம்.

மே 31க்கு வேன் சொல்லியாகிவிட்டது. பாண்டு ஆறு பேர், அம்மா, பியூலா, அவள் அம்மா. முதல் நாள் சாயங்காலமே கிளம்பி சேலத்தில் தங்குகிறோம். பூசைக்குப் பாண்டு வாசிக்கலாமா என்று மதரிடம் மரியாதையாகக் கேட்டு எழுது. பெரிய டிரம் சத்தம் சிற்றாலயத்துக்கு அதிகம் என்றால் வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். சின்னசாமிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். வேண்டாம் என்று மதர் சொன்னால் சும்மா வந்து உட்காருகிறோம்.

அம்மா கேட்கச் சொன்னாள், முறுக்கா, அதிரசமா?

அப்பா
எம். ஃப்ரெடி, பாண்டு மாஸ்டர்


ஏற்காடு
8 ஜூன் 2025

அன்பு பியூலாவுக்கு,

கடவுளுக்கு நன்றி, எனக்குக் காய்ச்சல் இல்லை, தொண்டைக்கட்டு இல்லை, ஒரு குறையும் இல்லை. அத்தை அவ்வளவு தூரம் வேனில் வந்து, மலைவளைவில் ஒரு தடவைகூடத் தலைசுற்றாமல் இறங்கியதை இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். முழங்கால் வீட்டுக்குப் போன பிறகு பழிவாங்கியதா?

நீ பார்த்ததை நீ எழுதுவாய். நான் கேட்டதை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் கேட்க மட்டும்தான் முடிந்தது.

நாங்கள் பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டிருந்தோம். பாண்டு பின்னால், மாடத்தில். வருகைப் பாட்டு தொடங்கியதும் அப்பாவின் டிரம்பெட் வந்தது. வயிற்றிலிருந்து எழும்பி நேராக நிற்கும் சத்தம், கூட்டத்தில் தன் வரிசையை விட்டு நகராத ஆள் மாதிரி. வந்துவிட்டார் என்று அதற்கு முன்பே தெரியும், வேனைப் பார்த்தேன். இருந்தாலும் சத்தம் கேட்ட பிறகுதான் நம்பினேன். வார்த்தைப்பாட்டை வாசித்தேன். குரல் உடையவில்லை.

அதன் பிறகு நன்றிப் பாட்டு. முதல் இரண்டு அடிக்கு அப்பாவின் டிரம்பெட். மூன்றாவது அடிக்கு முன்னால் அது நின்றது. ஏனோக் அண்ணன் கிளாரினெட் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஏதோ கைதவறிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி டிரம்பெட் எழுந்தது. அது வேறு டிரம்பெட்.

பியூலா, சுரம் மேலே போகும்போது கொஞ்சம் மூக்கால் பேசும் கருவி அது. பன்னிரண்டு வருடம் அதோடு சண்டை போட்டவள் நான். அப்பா ஊதினாலும் அது மூக்கால்தான் பேசியது. எத்தனை பெரிய கை பிடித்தாலும் அது என்னுடையதாகத்தான் இருக்கிறது. அவர் படத்தில் என் கையைக் கண்டுபிடித்தாரே, அதே மாதிரி.

அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் திரும்பவில்லை. இனி எனக்கு வரப்போகும் எந்தக் கட்டளையும் இதைவிடக் கஷ்டமாக இருக்காது. பின்னால் உன் கேமரா மட்டும் விடாமல் சொடுக்கிக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் அவர் முகம் எப்படி இருந்தது என்று உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு. மேலே எதையும் வைத்து அனுப்பினாலும் சரி, வைக்காமல் அனுப்பினாலும் சரி.

பூசை முடிந்து முற்றத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ அதிரசத் தட்டோடு சமையலறையில் இருந்தாய், அதையும் எழுதிவிடுகிறேன். அப்பா என் முன்னால் வந்து நின்றார். என் முக்காட்டைப் பார்த்தார், புதுச் செருப்பைப் பார்த்தார். ஃபிளானல் துணியைப் பிரித்து டிரம்பெட்டை நீட்டினார். நான் மதரைப் பார்த்தேன். "வாங்கிக்கோம்மா" என்றார் மதர். உடுப்பின் கையை மேலே தள்ளிவிட்டு எடுத்தேன். ஒரு வருடம் ஊதாமல் உதடு கெட்டுப்போயிருந்தது, முதல் சுரம் பூனை மாதிரி வந்தது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதற்கு எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆயரின் செயலர்கூடக் கையில் வடையோடு நின்றுவிட்டார்.

முடித்ததும் அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார், "வளையத்துல விரல விடுடி."

சின்னசாமி அண்ணன் அவர் தோளைத் தட்டி, "மாஸ்டர், இனிமே சிஸ்டருன்னு கூப்புடணும்" என்றார்.

அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சிஸ்டர், வளையத்துல விரல விடுங்க."

மதர் சிரித்த சிரிப்பில் காப்பித்தோட்டத்துப் பறவைகள் எழுந்தன. நான் விரலை விடவில்லை. என் கைக்கு இனிமேல் அது வராது. அப்பாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது டிரம்பெட்டைத் திரும்பக் கேட்கவில்லை. பாலிஷ் துணியையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த வாரம் என்னை ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி விடுதிக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாண்டு தொடங்கலாமா என்று மதரே கேட்டார். டிரம்பெட்டை எடுத்துப்போக அனுமதி கிடைத்துவிட்டது. அதனால் மைசூர்க் கண்காட்சி முடிந்ததும் அப்பாவின் படத்தை எங்கள் வீட்டிலேயே மாட்டு, ஆனால் ஆணியை இறுக்கி அடித்துவிடாதே. அடுத்த வருடம் கேமராவோடு என்னிடம் வா. பிறையை மறுபடி எடுத்து அப்பாவின் முகத்தில் வைக்க வேண்டும். அதற்குள் அது கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

அத்தையின் முழங்காலுக்கு என் முத்தம்.

உன்
சிஸ்டர் வின்னி